குதிரைப் பந்தயத்தில் போகாத தோல் மண்டி

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சின்னவன் குனிந்தபோது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு பாயில் விழுந்தது. பெரியவன் அதை எடுத்துத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"நன்னா மாதிரி ஆயிடாதடா," என்றான். "அவரு ஒருத்தர் ஆடினதுக்கு நாம இன்னும் கடன் கட்டிக்கிட்டிருக்கோம்."

சின்னவன் தலையைத் தூக்கவில்லை. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

கேட்டு வாங்கிய குழம்பைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அதனால்தான் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது என்பதைப் பத்து வருஷமாக நானே பார்த்துவிட்டேன். எழுத்தும் எனக்குச் சரளமாக வராது. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். கூட்ஸ் ஆபீஸில் இத்தனை வருஷமாக எழுதியதெல்லாம் மூட்டைக் கணக்கும் வண்டி நம்பரும்தான். ஆகையால் முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நன்னா என்று கூப்பிட்ட என் அத்தா, குதிரைப் பந்தயத்தில் ஒரு காசு கட்டியதில்லை. அவரிடம் தோல் மண்டியும் இருந்ததில்லை. மண்டி போனபிறகு வயிற்றுப்பாட்டுக்காக ஜட்கா ஓட்டினார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலிலிருந்தே அவருக்கு ஜட்காதான். அவருடைய அத்தாவுக்கும் ஜட்காதான்.

மண்டி என் வாயிலிருந்து வந்தது. பந்தயம் அவர் வாயிலிருந்து வந்தது. எனக்காக வந்தது.

நான் படித்த காலத்திலும் வேலைக்குப் போன புதிதிலும் நாம் பாலக்கரையில் ஒரு சந்தில் இருந்தோம். பெரியவனைத் தவிர உங்களில் யாருக்கும் அந்த வீடு நினைவிருக்காது. வீட்டுக்குப் பக்கத்திலேயே லாயம். ஒரு செவலைக் குதிரை. ஜங்ஷனில் ரயில் வந்து நிற்கும்போது அத்தா வண்டியோடு வெளியே நிற்பார். ஸ்ரீரங்கம் போகிற ஜனந்தான் அவருக்கு முக்கியமான சவாரி. "சாமி, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க, குதிரை அந்தரத்துல தொங்குது" என்று அவர் சொல்வது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பருமனான ஆளை முன்னால் வைத்து, ஒல்லியான ஆளைப் பின்னால் வைத்து, மூட்டையை நடுவில் தள்ளி, பாரம் சமமாகும் வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டார். காவேரிப் பாலத்தில் ஏறும்போது தானே இறங்கிக் குதிரைக்குப் பக்கத்தில் நடப்பார்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. ஐப்பசி மழையில் நாள் முழுக்க நின்று வெறும் வண்டியோடு வருவார். வருகிறதில் கொள்ளுக்கும் புல்லுக்கும் லாடத்துக்கும் முதலில் போகும். "இந்த வீட்டுல மூத்த பிள்ளை குதிரைதான். அது தின்னு மிச்சம் வச்சாத்தான் நமக்கு" என்று என் அம்மா சொல்வார்கள். மாசம் எவ்வளவு வருகிறது என்று அத்தாவை யாராவது கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

மாசக் கணக்கில் வந்த பணம் ஒன்றே ஒன்று. தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ஒரு வக்கீலைத் தினமும் காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்கு மாச வண்டியாகப் பேசியிருந்தார். எட்டு ரூபாய். அந்த எட்டு ரூபாயை அவர் குதிரைக்கும் கொடுக்கவில்லை, அரிசிக்கும் கொடுக்கவில்லை. என் ஸ்கூல் சம்பளம், புஸ்தகம், பரீட்சைக் கட்டணம், வருஷத்துக்கு இரண்டு சட்டை. நான் முதல் தடவை தேறாமல் வந்து நின்றபோது, "வக்கீலு இன்னும் கோர்ட்டுக்குப் போயிக்கிட்டுத்தானே இருக்காரு. நீயும் இன்னொரு தடவை போ" என்றார்.

இப்படித்தான் நான் குமாஸ்தா ஆனேன். ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸில் வேலை. சேர்ந்த முதல் நாளே ஹெட்கிளார்க், அவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், நல்ல மனுஷர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஜட்காப் பேட்டை. அத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குதிரையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தோல் வியாபாரம் சார். மண்டி இருந்தது" என்றேன்.

ஏன் தோல் என்று கேட்டால், நம் ஜமாத்தில் பணக்காரர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் தோல் மண்டிக்காரர்கள்தான். அவ்வளவுதான் காரணம். ஹெட்கிளார்க் "பேஷ்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அன்றே அவர் அதை மறந்திருப்பார் என்று நினைத்தேன். என்னால்தான் மறக்க முடியாமல் போயிற்று. காலையில் பெரிய வாசல் வழியாகப் போகாமல் கூட்ஸ் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு நாள் ஹெட்கிளார்க்கோடு பேசிக்கொண்டே பெரிய வாசல் வழியாக வரவேண்டியதாகிவிட்டது. அத்தா வண்டியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நான் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சொன்னார்: "ஜங்ஷன் பேட்டையில தண்ணி சரியில்ல தம்பி. குதிரைக்கு ஒத்துக்கல. நாளையிலேருந்து மெயின்கார்டு கேட் பக்கம் போறேன்."

தண்ணீர் எங்கேயும் ஒரே தண்ணீர்தான். மெயின்கார்டு கேட்டில் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் வந்துவிட்டது. ரயில் சவாரியை விட்டுவிட்டு அங்கே போகிற ஜட்காக்காரன் யாரும் இல்லை. இரண்டு வருஷத்தில் குதிரையை விற்றுவிட்டார். நான் அவரை எதுவும் கேட்கவில்லை. என் சம்பளம் இருக்கிறதே, அவர் ஓய்வெடுக்கட்டுமே என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். பிறகு தென்னூருக்கு, இந்த வீட்டுக்கு வந்தோம்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். ஹெட்கிளார்க்கின் தம்பி காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வாத்தியார் ஊரில் உள்ள குடும்பங்களிடம் ஒரு விஷயம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார். அப்பன் என்ன தொழில் செய்தான், எவ்வளவு சம்பாதித்தான், பிள்ளை என்ன தொழில் செய்கிறான், எவ்வளவு சம்பாதிக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளை மேலே போனானா, அதே இடத்தில் நின்றானா, கீழே வந்தானா என்று பார்ப்பதாம். நல்ல காரியந்தான். அந்தப் பையன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேள்விகள் அச்சடித்த பாரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தான். ஹெட்கிளார்க் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, "இவரைக் கேளு, இவா அப்பா பெரிய வியாபாரி" என்று என்னைக் காட்டினார். அவர் மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க சின்னப் பையனா இருந்தப்போ அப்பாவுக்கு மாச வருமானம் என்ன இருக்கும் சார்? உத்தேசமாச் சொன்னாப் போறும்."

உத்தேசம் என்ற வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது. "இருநூறு போடுங்க" என்றேன்.

"உங்களுக்கு?"

அதில் பொய் சொல்ல முடியாது. சம்பளப் பட்டியல் ஹெட்கிளார்க் கையில் இருக்கிறது. "நாற்பத்திரண்டு."

பையன் எழுதினான். எழுதிவிட்டுக் கீழே ஒரு கட்டத்தில் 'கீழ்' என்று போட்டான். மரியாதைக்காகக் கையால் கொஞ்சம் மறைத்துக்கொண்டு போட்டான். நான் பார்த்துவிட்டேன். சந்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவன் நான். அந்தக் காகிதத்தில் நான் கீழே விழுந்தவன் ஆனேன். எனக்கு அப்போது வந்தது வெட்கம்கூட இல்லை. தப்பித்தோம் என்கிற நிம்மதிதான் வந்தது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பையன் விலாசம் விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டான். கீழே வந்த குடும்பங்கள் கொஞ்சம்தான் கிடைத்தனவாம். ஏன் வந்தார்கள் என்று தனியாகக் கேட்டுவரச் சொன்னாராம் வாத்தியார். கையில் இன்னொரு பாரம். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உங்கள் அம்மா வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள். பெரியவன் வாசற்படிக்குப் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பத்து வயசு. அத்தா உள்முற்றத்தில் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார். வாளியில் தண்ணீர் சத்தம் கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ சார்," என்றான் பையன். "அந்த மண்டி எப்படிப் போச்சு? வெளிநாட்டு மார்க்கெட் விழுந்துதே, அதிலயா? இல்லே பாகஸ்தர் யாராவது?"

மண்டியை உண்டாக்கியவன் அதை அழிக்கும் வழியை யோசித்து வைத்திருக்கவில்லை. மார்க்கெட் என்று சொன்னால் எந்த வருஷம், என்ன விலை என்று கேட்பான். வாழைப்பழத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். பையன் பென்சிலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் நெற்றியில் மெதுவாக ஒரு சந்தேகம் வருவதைப் பார்த்தேன். இவன் போய் அண்ணனிடம் சொல்வான். திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது.

"பந்தயத்துல போச்சுங்க" என்று அத்தாவின் குரல் வந்தது. முழங்கை வரை ஈரம் சொட்ட நடையில் நின்றார். "அவன் பெத்த தகப்பனைப் பத்திச் சொல்ல வாய் வராம உக்காந்திருக்கான். நானே சொல்றேன், எழுதிக்கங்க. மெட்ராசுல குதிரைப் பந்தயம். எல்லாத்தையும் நான்தான் தொலைச்சேன்."

பையன் எழுந்து நின்றுவிட்டான். "உக்காருங்க தம்பி" என்றார் அத்தா. பையன் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டான். அத்தா பதில் சொன்னார். எந்தக் குதிரை ஓடும், எது ஓடாது, காலைப் பார்க்க வேண்டுமா மாரைப் பார்க்க வேண்டுமா, மழை பெய்த மண்ணில் லாடம் எப்படிப் பிடிக்கும் என்று அரைமணி நேரம் சொன்னார். பையன் பாரத்தில் இடம் போதாமல் பின்பக்கத்தில் எழுதினான். போகும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டு நிமிர்ந்திருக்கேள் சார்" என்றான்.

அவன் போனதும் அத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். "குதிரையைப் பத்தின்னா எனக்கு நீட்டிப் பேச வரும். தோலைப் பத்திக் கேட்டிருந்தான்னு வை, அப்பனும் பிள்ளையும் மாட்டியிருப்போம்."

நான் சிரிக்கவில்லை. அவர் திரும்பி முற்றத்துக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து ஒளு செய்தார். மனுஷர் ஐந்து நேரத்தையும் விடாதவர். பிள்ளைகள் சந்தில் புளியங்கொட்டை வைத்துச் சூது ஆடினால்கூடக் கலைத்துவிடுவார். சூது ஹராம் என்பதை எனக்கு அவர்தான் சொன்னார். கைகளை அன்று ரொம்ப நேரம் கழுவினார்.

வாசற்படியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

அவன் மூலமாக உங்கள் எல்லோருக்கும் அது கதையாகிவிட்டது. "நன்னா, எந்தக் குதிரையில கட்டித் தோத்தீங்க?" என்று கேட்பீர்கள். "கறுப்பு. முன்னங்கால் நொண்டி. எனக்குத் தெரியல" என்பார். "அது கூடவா தெரியல?" என்று நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அவரும் சிரிப்பார். நானும் சில நாள் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பாரத்தையாவது திருத்தலாம் என்று ஒரு தடவை புறப்பட்டேன். அரைநாள் லீவு போட்டுவிட்டுக் காலேஜ் வாசல் வரை போனேன். வாசலுக்கு எதிரே மூன்று ஜட்காக்கள் நின்றன. அதில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "செவலைக் குதிரை ராவுத்தர் மவன்தானே நீங்க? அத்தா சொகமா இருக்காங்களா? எங்க போகணும் தம்பி, ஏறுங்க. உங்ககிட்டக் காசு வாங்கினா அவங்க என்னைய உரிச்சிடுவாங்க." பக்கத்தில் பையன்கள் புஸ்தகத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். நான் "வேற யாரையோ நெனச்சுப் பேசறீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வாத்தியாரைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அத்தா, "என்ன தம்பி, சீக்கிரம் வந்துட்டே?" என்று கேட்டார். தலைவலி என்றேன். சுக்கு உரைத்துக் கொண்டுவந்து அவரே பற்றுப் போட்டுவிட்டார்.

பெரியவனே, இனி உனக்குச் சொல்ல வேண்டியது.

நீ ஸ்கூல் முடித்த வருஷம் யுத்தத்தால் எல்லாம் விலை ஏறியிருந்தது. உன் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தேன். உன்னைக் காலேஜுக்கு அனுப்ப முடியாது என்று சொன்னேன். நீ நேரே நன்னாவிடம் போனாய். அவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க கட்டினதுல ஒரே ஒரு குதிரைப் பணம் மிச்சம் இருந்தாப் போதும் நன்னா," என்றாய். "நான் படிச்சிருப்பேன்."

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். "ஆமா தம்பி," என்றார். "தப்புதான்."

நான் அதே அறையில் குடைக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தக் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருந்தது என்பது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் அதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு வாக்கியம் போதும். 'மண்டியே கிடையாதுடா.' ஆனால் அதைச் சொன்னால் உன் படிப்பு நின்றதற்கு ஆள் நான் ஆகிவிடுவேன். சம்பளம் என்னுடையது, குறைவும் என்னுடையது. உன் கோபத்தை அவர் மேல் இருக்கவிட்டேன். ஒரு ஜட்காக்காரர் எட்டு ரூபாயில் தன் பிள்ளையைப் படிக்கவைத்தார். ஒரு குமாஸ்தாவால் தன் பிள்ளையைப் படிக்கவைக்க முடியவில்லை. இதுதான் உண்மைக் கணக்கு. அந்தக் காலேஜ் பையனின் கட்டங்களில் இதற்கு இடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அத்தா படுத்த படுக்கையானபோது ஒரு நாள் காலையில் நான் சொன்னேன். "பிள்ளைங்ககிட்டச் சொல்லிடறேன் அத்தா."

"எதை?"

"மண்டி இல்லைங்கிறதை."

கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "நான் போறவன். நீ அவங்ககூட இருக்கப் போறவன். என்னைத் திட்டினா யாருக்கும் ஒண்ணும் கொறையாது. விடு."

விடு என்று சொன்னார். விட்டுவிட்டேன். அவர் பெருந்தன்மையில் சொன்ன வார்த்தையை நான் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டு, கப்ரில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு, இரண்டு வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். போன வெள்ளிக்கிழமை வரை.

அந்தப் பையன் இன்றைக்கு வந்து கேட்டால் நான் சொல்லவேண்டிய பதில் இது. அப்பனின் தொழில்: ஜட்கா. மாச வருமானம்: எட்டு ரூபாய், அது முழுவதும் பிள்ளையின் படிப்புக்குப் போயிற்று, மற்றதைக் குதிரையும் குடும்பமும் அன்றன்றே சாப்பிட்டார்கள். பிள்ளையின் தொழில்: குமாஸ்தா. சம்பளம்: அன்றைக்கு நாற்பத்திரண்டு. ஏறினானா, இறங்கினானா என்ற கட்டத்தை நான் நிரப்ப மாட்டேன். சம்பளத்தைப் பார்த்தால் ஒன்று எழுத வேண்டும், அன்று நடையில் ஈரக் கையோடு நின்றவரையும் நாற்காலியில் வாயடைத்து உட்கார்ந்திருந்தவனையும் பார்த்தால் வேறொன்று எழுத வேண்டும்.

பெரியவனே, இதை உன் சட்டைப் பையில் வைத்துவிட்டு நான் ஆபீஸுக்குப் போகிறேன். படித்துவிட்டு என்னிடம் நீ எதுவும் பேச வேண்டாம். இனிமேல் பேசாமலே இருந்தாலும் அது எனக்குத் தகும். ஆனால் சின்னவன் ஸ்கூலிலிருந்து வந்ததும் அவனைக் கூப்பிட்டு, போன வாரம் சாப்பாட்டில் நீ சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள். சீட்டுக்கட்டு கூடாது என்று சொல்வதானால் சொல். அதற்கு நன்னாவை இழுக்காதே. இழுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், அந்த ஆட்டம் கூடாது என்று முதலில் இந்த வீட்டில் சொன்னவர் அவர்தான் என்று சொல்.